ஜவ்வாது மலைக்கு ஒரே வரைபடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலையில் கோடை விழா நெருங்கும்போதெல்லாம் அந்த மலையைப் பற்றிய சிறு கட்டுரைகள் நாளிதழ்களில் வெளிவருவது வழக்கம். பீமன் அருவி, ஜமுனாமரத்தூர் ஏரியின் படகு, காவலூர் வானாய்வகம், சாமை அரிசி, தேன், பலாப்பழம் என்று ஒரு சுற்று சொல்லிவிட்டு, 'ஏழைகளின் ஊட்டி' என்ற பட்டத்தையும் சூட்டி அவை முடிந்துவிடுகின்றன. ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் ஏற்கெனவே வழங்கப்பட்ட பட்டம்தான் அது. இக்கட்டுரைகளில் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் வரும் ஜவ்வாது மலை எப்போதும் ஒரு மாவட்டத்தின் மலையாகவே இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து எழுதுபவர் ஜமுனாமரத்தூரோடு நின்றுவிடுகிறார். திருப்பத்தூரிலிருந்து எழுதுபவர் புதூர்நாட்டோடு நின்றுவிடுகிறார். வேலூர் மாவட்டத்துக்குள் வரும் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற ஊர்களை ஜவ்வாது மலையோடு சேர்த்து நினைப்பவர்களே குறைவு. மலை மேலே ஒன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றிய நம்முடைய அறிவுதான் மூன்றாகக் கிடக்கிறது. இதனால் நேரும் இழப்பைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கிராம வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கிராம எல்லைக்கு உள்ளே ஒவ்வொரு புலமும் சர்வே எண்ணோடு இருக்கும். ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, புள்ளிக்கோட்டில் நடைபாதை என எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வெறும் வெள்ளைத்தாள்தான். அண்டைக் கிராமத்தின் பெயர் மட்டும் அந்த வெண்மையில் ஓரமாக எழுதப்பட்டிருக்கும். உள்ளே வளைந்து வளைந்து வந்த ஓடை, கோட்டைத் தொட்டதும் நின்றுவிடும். சமவெளியில் இதனால் பெரிய தொல்லை இல்லை. அடுத்த கிராமத்தின் படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மலையில் அந்தக் கோடு மாவட்ட எல்லையாகவும், வன எல்லையாகவும், ஊராட்சி ஒன்றிய எல்லையாகவும் ஒருசேர ஆகிவிடும்போது, மறுபக்கத்துப் படம் வேறோர் அலுவலகத்தில் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் தேவையே நிர்வாகத்துக்கு எழுவதில்லை.

முதலில் மலையின் அமைப்பைச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாய் போன்ற சில இடைவெளிகளைத் தவிர்த்தால் இடையறாத ஒரு நெடுஞ்சுவர். கிழக்குத் தொடர்ச்சி மலையோ, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தபின், துண்டுதுண்டாக நிற்கிறது. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று அந்தத் துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள். இவற்றுள் வடகோடியில் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி நிற்பது ஜவ்வாது. அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் 32 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது; உயர்ந்த முகடுகள் 1,100 மீட்டர் முதல் 1,150 மீட்டர் வரை எழுகின்றன. உதகையைப் போல் இரண்டாயிரம் மீட்டரைக் கடந்த மலை அன்று. அதனால்தான் இங்கே சோலைக்காடும் புல்வெளியும் இல்லாமல், கோடையில் இலையுதிர்க்கும் காடும், அடிவாரத்தில் முட்புதரும், இடையிடையே சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலங்களும் காணப்படுகின்றன. இந்த மலையை ஊட்டியோடு ஒப்பிடுவது இரண்டுக்குமே பொருந்தாது.

பாறையைப் பொறுத்தவரை ஜவ்வாது மலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்ற மிகப் பழைய பாறைகளால் ஆனது. கல்கத்தாவில் உள்ள கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையிலிருந்து வெட்டப்பட்டது என்பதை அறிந்த நிலவியலாளர் ஹாலந்து, அந்தப் பாறைவகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார் என்பது இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளத் தக்கது. மேற்கே ஒரு பள்ளத்தாக்கு தள்ளி நிற்கும் ஏலகிரி வேறு வகை. அது சயெனைட் (syenite) என்ற பாறையாலான திரட்சி. ஒரே சாலையில் செல்லும் பயணிக்கு இரண்டும் ஒரே மலைத்தொடராகத் தோன்றும். கல் அப்படிச் சொல்லவில்லை.

இந்த மலையின் உண்மையான முக்கியத்துவம் அதன் நீரில் இருக்கிறது. இதைத்தான் நம் கட்டுரைகள் ஒரே ஓர் அருவியோடு முடித்துவிடுகின்றன. ஜவ்வாது மலையில் விழும் மழை எல்லாத் திசைகளிலும் இறங்குகிறது. செய்யாறு இம்மலையில் பிறந்து, குப்பநத்தம் அணையைக் கடந்து, செங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, திருவோத்தூர் எனப்படும் செய்யாறு நகரைத் தொட்டு, பின்னர்ப் பாலாற்றில் கலக்கிறது. கிழக்குச் சரிவில் மிருகண்டா நதி கலசபாக்கம் பக்கம் இறங்குகிறது. அதற்கும் ஓர் அணை உண்டு. படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணையில் தேங்கும் கமண்டல நாகநதி ஆரணி ஊரின் பக்கமாகச் சென்று செய்யாற்றோடு சேர்கிறது. வடக்கே அமிர்தி வழியாகவும் அகரம் ஆறு வழியாகவும் நீர் இறங்குகிறது. மேற்குச் சரிவில் திருப்பத்தூருக்கு அருகே ஆண்டியப்பனூர் ஓடையின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. பாலாறு கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வெறுங்கையோடு வரும் ஆண்டுகளிலும் காஞ்சிபுரத்துக்குக் கீழே ஆற்றுமணலில் ஈரம் இருக்கிறது என்றால், அதற்கு ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும் ஒரு முக்கியக் காரணம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது பலரும் அதை எல்லைக்கு அப்பாலிருந்து வந்த நீராக மட்டுமே பேசினார்கள். நம் மலைகளிலிருந்து இறங்கிய ஓடைகளின் பங்கைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மேலே சொன்ன அணைகளைக் கவனித்தால் ஒன்று விளங்கும். ஒவ்வோர் அணையும் மலையின் ஏதோ ஒரு சரிவின் அடியில் நிற்கிறது. அதற்கு நீர் தரும் ஓடைகளின் தலைப்பகுதி பல இடங்களில் அடுத்த மாவட்டத்தின் எல்லையை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறது. தலைப்பகுதியில் ஒரு காட்டுச்சாலை அகலப்படுத்தப்பட்டாலும், ஒரு சரிவு தங்கும் விடுதிக்காகச் சமப்படுத்தப்பட்டாலும், மண் வந்து சேரும் இடம் வேறு ஒருவருடைய பொறுப்பில் இருக்கிறது. மண் வந்ததற்குக் காரணம் தேடி மேலே ஏறிப் பார்க்கும் அதிகாரம் கீழே இருப்பவருக்கு இல்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். இந்த மலை மூன்றாகப் பிரிந்து கிடப்பதற்கு அதன் அமைப்பு எந்தக் காரணத்தையும் தரவில்லை, வரலாறுதான் தருகிறது.

மலைமேல் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பக்கத்துக்கு ஒன்றாகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக்கல்லை மூடியாக வைத்த ஈமச்சின்னங்கள் அவை. ஊரார் அவற்றைப் பாண்டவர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் சொல்வார்கள். அவற்றுக்கும் முந்திய புதிய கற்காலத்துக் கைக்கோடரிகள், வழவழப்பாகத் தேய்க்கப்பட்டவை, ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் சில ஊர்க்கோயில்களில் மரத்தடியில் வரிசையாக வைக்கப்பட்டு வழிபடப்படுகின்றன. எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் இட்டு, கூர்முனை மேலே தெரிய ஊன்றி வைத்திருக்கும் அந்தக் கற்களை ஊர்மக்கள் தெய்வமாகப் போற்றுகிறார்கள். அருங்காட்சியகப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தால் அவற்றுக்கு ஒரு எண்ணும் ஒரு சீட்டும் மட்டுமே கிடைத்திருக்கும். இப்போது பாதுகாப்பும் பூசையும் கிடைக்கின்றன. ஆனால் எந்தெந்த ஊரில் எத்தனை இருக்கின்றன என்ற முழுமையான பதிவு வேண்டும். களவு போனால் களவு போனது என்றாவது தெரிய வேண்டும் அல்லவா?

சங்க நூல்களில் இந்தப் பகுதிக்குக் கிடைத்திருக்கும் இடம் தமிழ்நாட்டில் வெகுசில மலைகளுக்கே வாய்த்தது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளில், பல்குன்றக் கோட்டத்துத் தலைவன் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்கிறது. அதில் வரும் செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், சேயாறு செய்யாறு என்றும், நவிரமலை கலசபாக்கத்துக்கு அருகே நிற்கும் பர்வதமலை என்றும் அறிஞர்கள் கொண்டிருக்கிறார்கள். நில அளவையில் காலம் கழித்த எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது அதன் வழிக்குறிப்புகளே. பன்றிகளுக்காக வைத்த பொறிகள் கிடக்கும் இடம் எது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எங்கே பறந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்று அது சொல்லிக்கொண்டே போகிறது. நன்னனைப் புகழ்வதற்காக எழுதப்பட்ட பாட்டில் பெரும்பகுதி மலைவழியைச் சொல்வதற்கே செலவாகியிருக்கிறது. மலையை மேலிருந்தும் உள்ளிருந்தும் பார்த்தவர் எழுதிய எழுத்து அது. இன்றைய நம் சுற்றுலாக் கையேடுகளில் அந்த அக்கறையில் பாதியேனும் இருந்தால் மகிழ்வேன்.

அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளுக்குச் செங்கம் வட்டார நடுகற்களே சான்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டு இவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறிப்பிட்டு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இக்கற்கள் பெரும்பாலும் ஆநிரை கவர்ந்த, ஆநிரை மீட்ட பூசல்களில் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லெழுத்து சொல்கிறது. பேரரசர்களின் மெய்க்கீர்த்திகளில் காண முடியாத ஊர்ச்செய்தி இது. பல்லவ நாட்டில் குடைவரைக் கோயில்கள் எழுந்த அதே காலத்தில், இந்த மலையடிவாரத்தில் செல்வம் என்றால் மாடு, வீரம் என்றால் மாட்டைக் காப்பது என்றிருந்ததை இக்கற்கள் காட்டுகின்றன.

சோழர் காலத்துக்குரிய சான்றாகப் போளூருக்கு அருகே உள்ள திருமலைச் சமணத் தலத்தையும், அங்குள்ள குந்தவை பெயராலான சினாலயம் என்ற சமணக் கோயிலையும், முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளைப் பட்டியலிடும் கல்வெட்டையும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். சோழர்க்குப் பின் இந்த மலையின் கிழக்குச் சரிவு ஒரு தலைநகருக்கு அரணாக இருந்தது. சம்புவராயர்கள் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார்கள். இன்று படவேடு எனப்படும் அவ்வூருக்குப் பின்னால் இராசகம்பீரன் மலை நிற்கிறது. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் ஆறு என்ற அந்த இடத்தை நேரில் பார்ப்பவர்க்கு ஏன் அங்கே தலைநகர் அமைந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. 14ஆம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் தெற்கே மதுரை நோக்கிச் செல்வதற்கு முன் இந்தச் சம்புவராயரைத்தான் முதலில் அடக்க வேண்டியிருந்தது.

இனி இன்றைய எல்லைக்கு வருவோம். ஜவ்வாதுக்குத் தெற்கே செங்கம் கணவாய் இருக்கிறது. மைசூர்ப் பீடபூமியின் படிக்கட்டுப் போன்ற பாராமகாலிலிருந்து (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதி) ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழிகளில் அது ஒன்று. முதலாம் ஆங்கில - மைசூர்ப் போரின்போது, 1767 செப்டம்பர் 3 அன்று, திருவண்ணாமலை நோக்கி அந்த வழியே பின்வாங்கிய கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் தாக்கினார்கள். சாலையை ஒட்டிய ஒரு குன்று யார் கையில் என்பதே அன்றைய சண்டையின் போக்கை முடிவு செய்தது. கும்பெனிப் படை குன்றைப் பிடித்துத் தாக்குதலைத் தடுத்தது. ஆயினும் உணவுப்பொருள்களை இழந்து திருவண்ணாமலைக்கு விரைந்து நடக்க நேர்ந்தது. அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் மீண்டும் போர் நடந்தது.

அந்தக் காலத்தில் ஜவ்வாது மலை இரண்டு அரசுகளுக்கு இடையே நின்ற வேலி. மேற்கே மைசூர், கிழக்கே ஆற்காட்டு நவாபு. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து வரி விதித்தார்கள்; உழவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறை அங்குதான் வேர்விட்டது. ஆகவே மலையின் மேற்குப் பாதி திருப்பத்தூரோடு சேலம் மாவட்டத்துக்குள் போயிற்று. கிழக்குப் பாதியோ 1801இல் நவாபின் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டபோது ஆற்காட்டுக் கணக்கில் வந்தது. அதாவது, மலையின் நடுவே ஓடிய கோடு ஒன்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு உடன்படிக்கைகளின் விளைவு. அதைப் போட்டவர்கள் யாரும் மலையை ஒரு நாடாகக் கருதிப் போடவில்லை. சமவெளி அரசுகளின் ஓரம் எங்கே முடிந்ததோ அங்கே கோடு நின்றது.

இதன் தொடர்ச்சியாக மலையைப் பற்றிய எழுத்தும் பிரிந்தது. ஆர்தர் காக்ஸ் 1881இல் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் கீழைச் சரிவு. லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் கையேட்டில் மேலைச் சரிவு. செங்கம், திருவண்ணாமலைப் பக்கத்துக்கோ தென் ஆற்காடு நூல்களைத் தேட வேண்டும். இன்று ஜவ்வாது மலை பற்றி ஆராய விரும்பும் மாணவர், மூன்று மாவட்டக் கையேடுகளில் 'ஓரம்' என்ற தலைப்பில் வரக்கூடிய சில பக்கங்களை ஒட்டிச் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும்.

1911இல் ஒரு நல்லது நடந்தது. திருப்பத்தூர் வட்டம் சேலத்திலிருந்தும், திருவண்ணாமலை வட்டம் தென் ஆற்காட்டிலிருந்தும் எடுக்கப்பட்டு வட ஆற்காட்டில் சேர்க்கப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ 78 ஆண்டுகள் ஜவ்வாது மலை முழுவதும் ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் இருந்தது. அந்த ஒற்றுமையைப் பயன்படுத்தி மலைக்கென்று ஒரு முழுநூலோ படமோ செய்யப்பட்டிருந்தால் இன்று இக்கடிதத்துக்கே இடமிருந்திராது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டம் உருவானபோது, திருப்பத்தூர் வேலூரோடும் போளூரும் செங்கமும் திருவண்ணாமலையோடும் நின்றன. வேறு சொற்களில் கூறினால், பாராமகாலுக்கும் ஆற்காட்டுக்கும் இடையே கிடந்த பழைய கோடு பெருமளவு அப்படியே திரும்பி வந்தது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் மலையின் வடபகுதி வேலூரில் தங்கி, மூன்றாவது துண்டும் விழுந்தது. மாவட்டங்களைச் சிறிதாக்குவதால் சமவெளி மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் அருகில் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மலைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதே என் கருத்து.

மலைமக்கள் தங்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்ட முறை வேறு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்களே அதற்குச் சான்று. ஊர்களைச் சேர்த்து நாடு, நாட்டுக்கு நாட்டார், ஊருக்கு ஊர்க்கவுண்டர், திருவிழாவுக்கும் வழக்குக்கும் அவர்கள் கூடும் இடம் என்று அந்த அமைப்பு இன்றும் பெயரளவிலேனும் இருக்கிறது. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் வாய்மொழி மரபு உடையவர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பழங்குடிப் பட்டியலில் இவர்கள் பெயர் மாவட்டங்களைச் சுட்டியே இடம்பெற்றிருக்கிறது. அதிலும் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டப் பெயர்கள். பட்டியலில் இல்லாத ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாகக் கேட்டு நிற்கிறார்கள். எல்லைக்கோடு வெறும் கோடுதானே என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

சந்தனத்தைப் பற்றிச் சொல்லாமல் ஜவ்வாது மலையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக்கட்டைக் கிடங்கு அமைந்ததே இந்த மலையை நம்பித்தான். ஒரு தலைமுறைக் காலத்தில் பெருமரங்கள் திருட்டில் போயின. வெட்டியவர்களுக்குக் கூலி, வாங்கியவர்களுக்கு இலாபம். சந்தனம் அருகியபின், மரம் வெட்டத் தெரிந்த கைகளைத் தேடி ஆந்திரத்துச் செம்மரக் கடத்தலின் தரகர்கள் இந்த மலையூர்களுக்கு வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சாமை விளையும் மேட்டு நிலம் ஆண்டில் சில மாதங்களுக்கே வேலை தருகிறது. மீதி மாதங்களில் மலையிலிருந்து ஆட்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் இறங்கிப் போகிறார்கள். கோடை விழாக் கட்டுரைகளில் இவர்கள் இடம்பெறுவதில்லை.

சாலை வசதியும் இப்படியே. ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் பேருந்து செல்கிறது. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்க மலையூர்கள் பலவற்றுக்கு அந்த வசதி நெடுங்காலம் இல்லை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமற்போனதும், இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலையேற நேர்ந்ததும் அப்போது நாடெங்கும் செய்தியானது. ஒரு மலையூரிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினால் மருத்துவமனை அருகில் இருக்கும் என்பதை மாவட்டப் படம் காட்டாது. முழு மலையின் படம் ஒன்றுதான் காட்டும்.

காவலூரைப் பற்றியும் ஒரு சொல். கோடைக்கானலில் இருந்த பழைய ஆய்வகத்துக்கு இரவுநேர ஆய்வுக்கேற்ற இன்னோர் இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 1960களில் ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர வெளிச்சம் எட்டாத இருள், நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானத்தையும் பார்க்க முடியும் வசதி ஆகியவை அதற்குக் காரணங்கள். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த 1977 மார்ச் நிகழ்வில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பங்கெடுத்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அது நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டது. தொலைநோக்கி இருக்கும் இடம் திருப்பத்தூர் மாவட்டம். அதன் வானத்தைக் கெடுக்கக்கூடிய விடுதி விளக்குகளும் கோபுர விளக்குகளும் எரியப்போகும் இடங்களில் பல திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன. விளக்குகளைக் கீழ்நோக்கி மூடி அமைக்க வேண்டும் என்ற எளிய விதியைக்கூட மூன்று மாவட்டங்களும் சேர்ந்து செய்தால்தான் பயன் உண்டு.

நான் கேட்பது தனி மாவட்டம் அன்று. புதிய வாரியமும் அன்று. வாரியங்கள் அமைப்பதில் நமக்குள்ள ஆர்வம் அவற்றுக்கு வேலை கொடுப்பதில் இல்லை என்பதைப் பணிக்காலத்தில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். மூன்று மாவட்ட நிர்வாகங்களும் நில அளவைத் துறையும் வனத்துறையும் நீர்வளத் துறையும் தொல்லியல் துறையும் தத்தம் கைகளில் வைத்திருக்கும் படங்களை ஒரே அளவுகோலில் சேர்த்து, ஜவ்வாது மலை முழுமைக்கும் ஒரு படமும், அதற்கு விளக்கமாகத் தமிழில் ஒரு நூலும் வெளியிட வேண்டும். படத்தில் ஒவ்வோர் ஓடையும் தலைப்பகுதி முதல் ஆற்றில் சேரும் இடம் வரை அறுபடாமல் வரையப்பட வேண்டும். மலைமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகள், வண்டி செல்லும் பாதைகள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் இடங்கள், துணை சுகாதார நிலையங்கள் குறிக்கப்பட வேண்டும். கற்திட்டை, நடுகல், கைக்கோடரி வைத்த கோயில் ஆகியவற்றை ஊராரின் ஒப்புதலோடு குறிக்க வேண்டும். நாட்டு எல்லைகளை நாட்டார்களிடம் கேட்டே வரைய வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தால் பிழையாகிவிடும். இந்திய நில அளவைத் தாள்களில்கூட 79 பாகைத் தீர்க்கக்கோட்டில் தாள் மாறுவதால் மலையின் கிழக்குச் சரிவு வேறு தாளுக்குப் போய்விடுகிறது. ஆகவே பழைய தாளை நகலெடுத்து ஒட்டுவது போதாது. இன்றுள்ள கருவிகளுக்கு இது பெரிய வேலையே அன்று. செய்மதிப் படங்களும் கணினியும் இல்லாத காலத்தில் சங்கிலி பிடித்து இதே மலையை ஏறி அளந்த கடைநிலை ஊழியர்களின் புலப்படங்கள் இன்னமும் பதிவறைகளில் இருக்கின்றன.

அந்தப் படம் வரும் வரையில் சுற்றுலாவுக்கென்று புதிய சாலைகளும் விடுதிகளும் வருவதற்கு, ஓடைகளின் தலைப்பகுதியிலாவது, தடை வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அறுபடாத ஒரு படம் இல்லாமல், எந்த ஓடை எந்த அணைக்குப் போகிறது என்பதை ஒப்புதல் தருபவரே அறிய வழியில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பீஞ்சமந்தைச் செய்தி வேலூர்ப் பக்கத்திலும், புதூர்நாட்டுச் செய்தி திருப்பத்தூர்ப் பக்கத்திலும், ஜமுனாமரத்தூர்ச் செய்தி திருவண்ணாமலைப் பக்கத்திலும் அச்சாகின்றன. ஒரு பக்கத்தைப் பெறும் வாசகருக்கு மற்ற இரண்டும் கிடைப்பதில்லை. ஒரே நாளில் ஒரே மழை மூன்று சரிவுகளிலும் என்ன செய்தது என்பதை ஒருவர் தெரிந்துகொள்ள மூன்று ஊர்களில் பத்திரிகை வாங்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு நாளேனும் மூன்று பதிப்புகளிலும் ஜவ்வாது மலைச் செய்திகளைச் சேர்த்து ஒரே இடத்தில் வெளியிட முடியுமா என்று பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.